உறை

மூவாயிரத்து இருநூறு ரூபாய்.
குன்னூர் பழைய சாமான் கடையில்
பிரஷர் குக்கருக்கும் ஓட்டை ஆர்மோனியத்துக்கும் நடுவில் இருந்தது.
"பாட்டுப் பெட்டியா?" என்றேன்.
"பாட்டு இதுல இல்லக்கா. சத்தம்தான்.
அதையும் நீங்களே செஞ்சுக்கணும்."
ஒரு கட்டை அமுங்காது; அதற்கு முந்நூறு தள்ளுபடி.

அரவேணு வரை மடியிலேயே வைத்திருந்தேன்.
வளைவில் பக்கத்து சீட்டுக் குழந்தை வாந்தியெடுத்தபோது
சேலைத் தலைப்பால் முதலில் மூடியது
பெட்டியைத்தான்.

எனக்கு வேலை தேயிலை ஃபேக்டரியில், இலை எடைச்சீட்டு எழுதுவது.
பத்தாம் வகுப்பு அறிவியலில் முப்பத்தாறு.
அதில் ஐந்து, ஒலி அலைக்குப் போட்ட நெளிகோட்டுக்கு.
அந்தக் கோடு எதைச் சொல்கிறது என்று
எனக்கும் தெரியாது, டீச்சரும் கேட்கவில்லை.

பதினேழு திருகுகள். எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது.
ஒவ்வொன்றாகத் திருகி, கேட்டு,
பழைய எடைச்சீட்டைக் கிழித்துப் பெயர் ஒட்டினேன்.
கூர்மையை மழுக்கிச் சத்தத்தைப் போர்த்துகிற ஒன்று, கம்பளி;
அந்தச் சீட்டின் முதுகில் ஹாலா கவுடரின் நாற்பத்து மூன்று கிலோ.
மூக்கடைத்துப் பேசவைப்பது சளி.
ஸ்வரத்தின் பல்லைக் கிடுகிடுக்க வைக்கிறதே,
அதற்கு இந்த ஊரில் வேறென்ன பெயர் வைப்பது, குளிர்.
ஓரத்துக் கறுப்புத் திருகைத் தொட்டால் எதுவும் மாறுவதில்லை,
அல்லது மாறுவது எனக்குக் கேட்பதில்லை.
அதை அப்படியே விட்டேன்.

தேயாமல் மிஞ்சிய ஒரே சொல்: என்வலப்.
கீழே வரிசையாக நான்கு திருகு.
அகராதி சொன்னது, உறை.
எதற்கு உறை? கடிதத்துக்கா, கத்திக்கா, தலையணைக்கா?
மூன்று வாரம் அங்கேயே நின்றேன்.
கட்டையைத் தொட்டால் சத்தம் கன்னத்தில் அறையும்.
விரலெடுத்தால் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி
பால் காய்ச்சி இறக்கினேன்.
மேட்டுப்பாளையத்தில் என்றால் விடியும்போது தயிர்.
இங்கே கம்பளியில் சுற்றி, அடுப்போரம் வைத்து,
மறுநாள் சாயங்காலம் சாய்த்துப் பார்த்தாலும்
தளும்பும்.
மோர்க் கரண்டியோடு அப்படியே நின்றேன்.
இதுவும் உறைதானே.

ஓடிப்போய் நான்கு திருகையும் வலப்பக்கம் தள்ளி
கட்டையை அமுக்கினேன்.
ஒன்றும் வரவில்லை. பிறகு
வாட்டும் தளத்தில் காலை ஆறு மணிக்கு
விசிறி எழும்புமே, அப்படி எழுந்தது.
விரலெடுத்த பிறகும்
கரண்ட் போன ஃபேக்டரிபோலச் சாவகாசமாக அடங்கியது.
பதினொரு வருடம் அந்த விசிறிக்குக் கீழேதான்
சீட்டு எழுதியிருக்கிறேன்.

காலையில் பால் பாலாகவே இருந்தது.
கரண்டி பெட்டிமேல் காய்ந்து கிடந்தது.

தை மாதம் மழை செய்தேன்.
வெறும் இரைச்சலை எடுத்து,
பாதிக் கம்பளி போர்த்தி, மெல்ல உறையவிட்டு,
ஹெட்போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் விட்டேன்.
பக்கத்து வீட்டு செலின் டார்ச்சோடு ஓடிவந்து
கொடியில் கிடந்த யூனிஃபார்ம்களை அள்ளினாள்.
அள்ளிவிட்டுத்தான் அண்ணாந்தாள்.
துடைத்து வைத்த வானம்.
"எங்கடி பெய்யுது?"
பெட்டியைக் காட்டினேன்.
ஈரம் காயாத துணிகளை மார்போடு பிடித்தபடி
நிலையில் சாய்ந்து கொஞ்ச நேரம் கேட்டாள்.
"இது ஓட்டுமேல பெய்யுற மழை ஜெயமணி.
நம்ம வீடு தகரம்."

போய்விட்டாள்.
சளியை ஏற்றினேன். இல்லை.
குளிரைக் குறைத்தேன். இல்லை.
பன்னிரண்டரைக்கு
அந்தப் பெயரில்லாத திருகை, சும்மாதான்,
இடப்பக்கம் கொஞ்சம்.
சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.
எழுந்துவிட்டாளா?